பிடித்த பணம் பட்டறையின் பணம் அல்ல

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் கடையும் ஒரு பட்டறையில் மூன்று மாதமாகக் கணக்குப் பார்க்கிறேன். பி.காம். படித்தவள், சம்பளக் கணக்கு கையில் எடுப்பது இதுதான் முதல் முறை. மொத்தம் 26 பேர். ஆப்பரேட்டர், ஹெல்பர்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டும். ஆபீஸில் சிலருக்கு வீட்டு வாடகைப்படி, பயணப்படி உண்டு. எனக்கு முன் இருந்தவர் ஓர் எக்ஸெல் ஷீட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறார், அதை நம்பித்தான் ஓடுகிறது. டிசம்பர் மாத பி.எஃப். பணத்தைப் பொங்கல் லீவில் மறந்துபோய் 2026 ஜனவரி 20-ந்தேதிதான் கட்டினோம். "அஞ்சு நாள்தானே, வட்டி நூறோ எரநூறோ வரும்" என்கிறார் முதலாளி. அப்படித்தானா? ஓர் ஆப்பரேட்டருக்கு ஜனவரியிலிருந்து சம்பளம் 20,600-லிருந்து 21,800 ஆகிவிட்டது, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிப்பதை நிறுத்தலாமா? ஒர்க்ஸ் மேனேஜருக்கு ஜனவரிச் சம்பளத்தோடு 1,20,000 ரூபாய் ஊக்கத்தொகை தருகிறார்கள். அதற்கு எத்தனை சதவீதம் டி.டி.எஸ். (கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி)? மாதாமாதம் எந்த வரிசையில் செய்தால் தப்பு வராது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: முதலில் அந்த ஐந்து நாள். வட்டியைப் பொறுத்தவரை உங்கள் முதலாளி சொன்னது சரி. ஆனால் செலவு அதோடு நிற்காது.

26 பேருக்குத் தொழிலாளர் பங்காக 41,600 ரூபாய் பிடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு நிறுவனத்தின் பங்கு, அதற்கு மேல் காப்பீட்டுக்கும் நிர்வாகக் கட்டணத்துக்கும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். சலான் ஏறக்குறைய 86,670 ரூபாய்க்கு வரும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ஐந்து நாளுக்கு 142 ரூபாய். இது தவிர தாமதத்துக்கான இழப்பீட்டுத் தொகை ஒன்று உண்டு. 2024 ஜூனிலிருந்து அது மாதத்துக்கும் மாதத்தின் பகுதிக்கும் 1 சதவீதம். அந்தக் கணக்கில் ஏறத்தாழ 867 ரூபாய். இதை உடனே கேட்க மாட்டார்கள். பல மாதம் கழித்து நோட்டீஸாக வரும், அப்போது கணக்கு எழுதுகிறவர் வேறு யாராவது இருப்பார்.

பெரிய அடி வருமான வரியில் விழுகிறது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்த பங்கு, வரிச் சட்டத்தின் பார்வையில் முதலில் நிறுவனத்தின் வருமானம். 2025-26 நிதியாண்டுக்கான விதிப்படி, கெடு தேதிக்குள் கட்டினால்தான் அதே தொகை செலவாகக் கழிக்கப்படும். ஒரு நாள் தாமதமானாலும் கழிவு போய்விடும், பிறகு எப்போது கட்டினாலும் திரும்பி வராது. இதில் பல ஆண்டுகள் இரண்டு விதமான தீர்ப்புகள் இருந்தன. 2022 அக்டோபர் 12-ந்தேதி உச்ச நீதிமன்றம் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் இழுபறியை முடித்துவைத்தது. உங்களுடையது பார்ட்னர்ஷிப் நிறுவனம் என்றால் 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம். 41,600 ரூபாய்க்கு 12,979 ரூபாய். நூறு இருநூறு என்று நினைத்தது பதின்மூன்றாயிரத்தில் வந்து நிற்கிறது. வரித் தணிக்கை உண்டென்றால் மறைக்கவும் வழியில்லை: 3சிடி படிவத்தின் 20(பி) பத்தியில் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு பிடித்தது, கெடு எந்தத் தேதி, கட்டியது எந்தத் தேதி என்று ஆடிட்டர் எழுதித்தான் ஆக வேண்டும். கவனியுங்கள், இந்த அடி தொழிலாளர் பங்குக்கு மட்டும். நிறுவனத்தின் பங்கை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடு வரை கட்டினாலும் செலவாக ஏற்பார்கள். இ.எஸ்.ஐ.யிலும் இதே கதைதான், டிசம்பருக்கு அதை எந்தத் தேதியில் கட்டினீர்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கறார்? அந்தப் பணம் தொழிலாளியுடையது. பட்டறையின் வங்கிக் கணக்கில் கொஞ்ச நாள் தங்குகிறது, அவ்வளவுதான். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 316-ஆம் பிரிவு நம்பிக்கை மோசடி பற்றியது. பி.எஃப்., இ.எஸ்.ஐ.க்காகப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் முதலாளியை அதன் விளக்கவுரையே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. "பில் வந்ததும் கட்டிக்கலாம்" என்று அடுத்த முறை அவர் சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள். உங்கள் வாயால் வாதாட வேண்டாம். முன்பு 15-ந்தேதிக்கு மேல் ஐந்து நாள் சலுகை இருந்தது உண்மை. அதை 2016-லேயே எடுத்துவிட்டார்கள். பழைய ஆட்கள் இன்னும் 20-ந்தேதி என்று சொல்வது அந்த நினைப்பில்தான்.

இனி மாத வரிசை. தேதிகளை முதலில் மனதில் பதியுங்கள்: சம்பளம் 7-ந்தேதிக்குள், முந்தைய மாதம் பிடித்த வருமான வரி அதே 7-ந்தேதிக்குள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் 15-ந்தேதிக்குள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் மாதச் சம்பளத்துக்கு 7-ந்தேதியையே வைத்திருக்கிறது. புதிதாக வந்தது இன்னொன்று: நீக்கப்பட்டவருக்கு மட்டுமல்ல, தானாக வேலையை விட்டவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம் தீர்க்க வேண்டும். "அடுத்த மாசம் 7-ந்தேதி எல்லாரோடயும் சேத்து வாங்கிக்க" என்பது இனிச் செல்லாது.

வேலை வருகைப் பதிவேட்டில் தொடங்குகிறது. மாதக் கடைசி நாளன்று அதை மூடுங்கள். மூடுவது என்றால் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டு, அதற்குப் பிறகு யாரும் திருத்தாத நிலை. விடுப்புக் கடிதம் வராத லீவு, பஞ்ச் விழாத நாள், பாதி நாள் எல்லாம் அன்றே பேசித் தீர வேண்டும். சம்பளம் போட்ட பிறகு "அன்னிக்கு நான் வந்தேன்" என்று வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நாள் சோம்பலில் பிறப்பவை. மூன்று நாள் தாமதமாக வந்தால் ஒரு நாள் சம்பளம் கட் என்று சில பட்டறைகளில் வழக்கம் உண்டு. வராத நேரத்துக்கு எவ்வளவோ அவ்வளவுதான் பிடிக்கலாம் என்கிறது சட்டம். அரை மணி நேரத்துக்கு ஒரு நாள் கூலியைப் பிடித்தால் நிற்காது.

அடுத்தது சம்பளமில்லா விடுப்பை வகுக்கும் எண். உங்கள் எக்ஸெல்லில் 26 என்று இருக்கிறதா, மாத நாட்கள் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் வழக்கத்தில் உண்டு. ஆனால் 26-ஐ வைத்துக் கழிக்கும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. 2026 ஜனவரியில் ஞாயிறு நாலுதான். வேலை நாள் 27. 26 நாள் வராமல் ஒரே ஒரு நாள் வந்தவருக்கு ஷீட் பூஜ்யம் காட்டும், அந்த ஒரு நாள் உழைப்புக்குக் கூலி இல்லாமல் போகும். மாத நாட்களால் வகுத்து, வந்த நாளும் வாரவிடுமுறையும் சேர்ந்த ஊதிய நாட்களால் பெருக்குவது இந்தச் சிக்கலைத் தவிர்க்கும். எதை எடுத்தாலும் ஆண்டு முழுவதும், எல்லோருக்கும் அதே எண். ஆளுக்கு ஆள் மாறினால் பதில் சொல்ல முடியாது.

ஒரு டர்னரின் ஜனவரிச் சம்பளத்தை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். அடிப்படை 11,000, பஞ்சப்படி 6,500; மொத்தம் 17,500. 15,000-க்குக் கீழ் சம்பளம் இருந்தபோதே பி.எஃப்.பில் சேர்ந்தவர். இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு. 17,500-ஐ 31-ஆல் வகுத்து 29-ஆல் பெருக்கினால் 16,371 ரூபாய். இதுதான் அவர் இந்த மாதம் சம்பாதித்தது, பிடித்தமெல்லாம் இதன்மேல்தான்.

பி.எஃப். 12 சதவீதம். ஆனால் 15,000 ரூபாய் வரைக்கும் கட்டினால் போதும் என்ற உச்சவரம்பை உங்கள் பட்டறை பின்பற்றுகிறது என்றால், கணக்குக்கான ஊதியம் 15,000; பிடித்தம் 1,800. இங்கேதான் பழைய ஷீட்டுகளில் ஒரு தப்பு ஒளிந்திருக்கும். இரண்டு நாள் விடுப்பு என்பதால் 15,000-ஐயும் 31-ஆல் வகுத்து 29-ஆல் பெருக்கி 14,032 ஆக்கி, அதில் 12 சதவீதம் போட்டிருப்பார்கள். உச்சவரம்பு விடுப்புக்குக் குறையாது. விடுப்பு போக மீதி ஊதியம் 15,000-க்கு மேல் இருந்தால் 15,000, கீழே இருந்தால் அந்தத் தொகை. அவ்வளவுதான் விதி.

நிறுவனத்தின் 12 சதவீதம் இரண்டாகப் பிரிகிறது. 8.33 சதவீதம், அதாவது 1,250 ரூபாய், ஓய்வூதியக் கணக்குக்கு. மீதி 550 பி.எஃப்.புக்கு. இதற்கு மேல் காப்பீட்டுக்கு 0.5 சதவீதம், 75 ரூபாய். நிர்வாகக் கட்டணம் 0.5 சதவீதம், இன்னொரு 75. நிர்வாகக் கட்டணம் நிறுவனம் முழுவதற்கும் சேர்த்துக் குறைந்தது 500 ரூபாய். இவை எதையும் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. மொத்தச் செலவில் ஒப்பந்தம் பேசி நிறுவனப் பங்கையும் அவர் தலையில் கட்டும் வழக்கம் சில இடங்களில் பரவியிருக்கிறது. சீட்டில் பிடித்தமாகக் காட்டினால் அது சட்டமீறல்.

58 வயது தாண்டியும் லேத்தில் நிற்கும் பழைய ஆட்கள் உங்களிடம் இருப்பார்கள், கோவைப் பட்டறைகளில் இல்லாமலா? அவர்களுக்கு ஓய்வூதியப் பங்கு நின்றுவிடும். நிறுவனத்தின் 12 சதவீதமும் முழுதாக பி.எஃப்.புக்கே போகும். ஷீட்டில் பிறந்த தேதி ஒரு பத்தியாக இருந்து, 58 முடிகிற மாதம் நிறம் மாறுகிற மாதிரி வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். தவறி ஓய்வூதியக் கணக்கில் விழுந்த பணத்தை மாற்றி எடுப்பது பெரும் அலைச்சல்.

இ.எஸ்.ஐ. தொழிலாளர் பங்கு 0.75 சதவீதம், 16,371-க்கு 122.78. பைசா வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்ற வேண்டும், எனவே 123. நிறுவனப் பங்கு 3.25 சதவீதம், சுமார் 532. உச்சவரம்பு 15,000 என்பது பி.எஃப்.புக்கு மட்டும். இ.எஸ்.ஐ.யில் உள்ளே இருக்கிறவருக்கு முழு ஊதியத்துக்கும் கணக்கு. கடனாக வாங்கிய முன்பணத்தில் மாதம் 2,000 பிடிப்பு என்றால் 16,371-லிருந்து 1,800, 123, 2,000 போகக் கையில் 12,448. எல்லாப் பிடித்தமும் சேர்த்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. தீபாவளி முன்பணத்தை ஒரே மாதத்தில் வசூலிக்கப் பார்க்கும் முதலாளிகள் இங்கேதான் மாட்டுவார்கள்.

நிறுவனத்துக்கு அவரால் ஆன மொத்தச் செலவு 18,853 ரூபாய். இந்த எண்ணை ஷீட்டில் தனிப் பத்தியாகக் காட்டுங்கள். மாதக் கடைசியில் வங்கியில் எவ்வளவு நிற்க வேண்டும் என்பது முதலாளிக்கு அதிலிருந்துதான் தெரியும். கையில் தரும் சம்பளத்தை மட்டும் கூட்டிப் பார்த்து, மீதிப் பணத்தை இரும்பு வியாபாரிக்குக் கொடுத்துவிடுவதால்தான் 15-ந்தேதி முழிக்க நேர்கிறது. என் யோசனை கேட்டால், சம்பளம் போகிற அன்றே பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான்களையும் உருவாக்கிக் கட்டிவிடுங்கள். 15 வரை காத்திருப்பதால் பட்டறைக்கு ஆகும் லாபம் பத்து நாள் வட்டி. தவறினால் ஆகும் நஷ்டம் மேலே பார்த்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 21,800 ஆன ஆப்பரேட்டருக்கு இ.எஸ்.ஐ.யை நிறுத்தக் கூடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. காலத்தின் தொடக்கத்தில் 21,000-க்குள் இருந்தவர், நடுவில் எவ்வளவு உயர்ந்தாலும் அந்தக் காலம் முடியும்வரை உள்ளேதான். ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் முழு 21,800-க்கும் பிடிக்க வேண்டும், மாதம் 164 ரூபாய். 21,000-க்கு மட்டும் பிடிப்பது இன்னொரு பரவலான தப்பு. ஏப்ரல் 1 முதல் அவர் வெளியே.

நிறுத்திவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். அக்டோபர்–மார்ச் பங்களிப்புக்கு ஈடான பலன் காலம் ஜூலை முதல் டிசம்பர் வரை. அந்தப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பங்களிப்பு இருந்தால்தான் நோய்க்காலப் பணம் கிடைக்கும். ஜனவரியிலேயே நிறுத்தினால் அக்டோபர், நவம்பர், டிசம்பர் வருகை மட்டும்தான் கணக்கில் வரும். நடுவில் பத்து பதினைந்து நாள் லீவு போட்டிருந்தால் 78 எட்டாது. ஆகஸ்டில் கால் முறிந்து படுத்தவர் இ.எஸ்.ஐ. ஆபீஸில் போய் நிற்கும்போதுதான் உங்கள் ஷீட்டின் தப்பு வெளியே வரும். சம்பளம் 21,000-ஐத் தாண்டியும் ஏன் பிடிக்கிறீர்கள் என்று அவர் முறையிட்டால் இதைச் சொல்லிப் புரியவையுங்கள்.

ஆபீஸ் ஆட்களின் படிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அடிப்படையைக் குறைத்து, படிகளை ஊதி, பி.எஃப்.பைச் சுருக்கும் பழைய வித்தை இனிப் பலிக்காது. எல்லோருக்கும் பொதுவாகத் தரும் சிறப்புப் படி பி.எஃப். கணக்கில் சேரும் என்று 2019 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது வந்திருக்கும் ஊதிய வரையறை இன்னும் ஒரு படி மேலே: வாடகைப்படி, பயணப்படி போன்ற விலக்குகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தில் திரும்பச் சேரும். மொத்தம் 20,000, அடிப்படையும் பஞ்சப்படியும் 8,000, வாடகைப்படி 8,000, பயணப்படி 4,000 என்று ஒருவருக்கு இருந்தால், விலக்கு 12,000. பாதிக்கு மேல் 2,000 அதிகம். எனவே பி.எஃப். ஊதியம் 8,000 இல்லை, 10,000. ஏற்கெனவே 15,000-க்குக் கட்டுகிறவர்களுக்கு இதனால் மாற்றம் எதுவுமில்லை.

ஒர்க்ஸ் மேனேஜரின் வரிக்கு வருவோம். ஊக்கத்தொகைக்குத் தனியாக இத்தனை சதவீதம் என்று எதுவும் கிடையாது. 10 சதவீதம் பிடித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கலாம். அது கன்சல்டன்டுகளுக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கான விகிதம், சம்பளத்துக்கு இல்லை. சம்பளத்தில் விதி வேறு: ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை மதிப்பிட்டு, அதற்கு வரும் வரியை மாதங்களுக்குப் பரப்ப வேண்டும்.

அவருக்கு மாதம் 1,25,000 என்று வைத்து 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் போடுகிறேன். ஆண்டுக்கு 15,00,000. நிலையான கழிவு 75,000 போக 14,25,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மீதி 2,25,000-க்கு 15 சதவீதம், 33,750. கூட்டினால் 93,750. செஸ் 4 சதவீதம் சேர்த்து 97,500. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,125. ஒன்பது மாதச் சம்பளத்தில், டிசம்பர் வரைக்கும், 73,125 பிடித்திருப்பீர்கள்.

இப்போது 1,20,000 சேர்கிறது. வரிக்குரிய வருமானம் 15,45,000. வரி 1,11,750, செஸ்ஸோடு 1,16,220. இதில் பிடித்தது போக மீதி 43,095. அதை மூன்று மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 14,365. குறைவாகவோ கூடுதலாகவோ பிடித்ததை அதே ஆண்டுக்குள் சரிக்கட்டச் சட்டமே அனுமதிக்கிறது. மார்ச்சில் மொத்தமாகப் பிடித்து மனிதரைத் திகைக்க வைக்க வேண்டாம், இந்த மாதமே அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டிவிடுங்கள்.

அவர் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பதாக எழுதித் தரவில்லை என்றால் புதியதுதான் பொருந்தும். புதியதில் வீட்டு வாடகை, எல்.ஐ.சி., பி.எஃப். பங்கு, தொழில்வரி எதற்கும் கழிவில்லை. எனவே ஜனவரியில் ரசீதுகளைக் கட்டாகக் கொண்டுவந்து தருகிறவரிடம் முதலில் எந்த முறை என்று கேளுங்கள். பழைய முறை என்றால் கழிவுகளை எழுதித் தரும் 12பிபி படிவத்தோடு வாங்கி, வீட்டு உரிமையாளரின் ரசீது வரைக்கும் சரிபாருங்கள். ஆண்டுச் சம்பளம் 12,75,000 வரை உள்ளவர்களுக்குப் புதிய முறையில் பிடிக்கவே வேண்டாம். 12 லட்சம் வரைக்குமான வரி முழுக்கத் தள்ளுபடியாகிவிடும். பட்டறையில் மற்ற 25 பேருக்கும் இந்த வேலையே இல்லை என்று நினைக்கிறேன்.

வரி பிடிக்க வேண்டிய நாள் சம்பளம் கொடுக்கும் நாள். ஜனவரிச் சம்பளத்தைப் பிப்ரவரி 6-இல் கொடுத்தால், பிடித்தது பிப்ரவரியில். கட்ட வேண்டியது மார்ச் 7-க்குள். மார்ச் மாதம் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம். மார்ச் சம்பளத்தை ஏப்ரலில் கொடுத்தால் பிடித்த தேதி அடுத்த ஆண்டுக்குள் போய், டி.டி.எஸ். காலாண்டு அறிக்கைக்கும் படிவம் 16-க்கும் (பிடித்த வரிக்கான சான்றிதழ்) ஒத்துவராமல் இழுக்கும். மேனேஜரின் மார்ச் சம்பளத்தையாவது 31-ந்தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். பிடித்து வைத்துக்கொண்டு கட்டாவிட்டால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி. மாதத்தின் ஒரு நாளும் முழு மாதம்தான். 24க்யூ காலாண்டு அறிக்கை தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். நாலாம் காலாண்டுக்கான கெடு மே 31, ஊழியருக்குப் படிவம் 16 தர வேண்டியது ஜூன் 15. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் அமலாகிறது. சம்பள டி.டி.எஸ். பற்றிய 192-ஆம் பிரிவு அதில் 392 ஆகிறது. சலான் போடும்போது குழம்ப வேண்டாம்.

தொழில்வரியை உங்கள் ஷீட்டில் மாதப் பிடித்தமாக வைத்திருந்தால் திருத்துங்கள். தமிழ்நாட்டில் அது அரையாண்டுக்கு ஒருமுறை, அரையாண்டு வருமானத்தைப் பொறுத்து, உள்ளாட்சிக்குப் போகிற வரி. ஆண்டுக்கு ஒருவரிடம் 2,500-க்கு மேல் வாங்க முடியாது என்பது அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவு. படிநிலைகளை மாநகராட்சியின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்; சென்னை நண்பர் அனுப்பிய தாளை அப்படியே போட வேண்டாம்.

பணம் அனுப்பும் கட்டத்தில் எக்ஸெல் ஒரு சதி செய்யும். 15 இலக்கத்துக்கு மேல் உள்ள எண்ணை அது எண்ணாகவே எடுத்துக்கொண்டால் கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். முன்னால் உள்ள பூஜ்யத்தையும் விழுங்கிவிடும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண் அப்படித்தான் கெடுகிறது. பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு அதன்பின் எண்ணை இடுங்கள்; இட்ட பிறகு மாற்றினால் போனது போனதுதான். வங்கிக் கோப்பின் கூட்டுத்தொகையும் ஷீட்டின் நிகரச் சம்பளக் கூட்டும் ரூபாய் பிசகாமல் ஒத்த பிறகே முதலாளி ஒப்புதல் கொடுக்கட்டும். கோப்பை ஏற்றுகிறவரும் ஒப்புதல் தருகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். பணம் போன மறுநாள் திரும்பி வந்தவை இருக்கின்றனவா என்று ஸ்டேட்மென்டைப் பாருங்கள். வங்கி இணைப்புகளுக்குப் பின் ஐ.எஃப்.எஸ்.சி. மாறிய பழைய கணக்குகள்தான் பெரும்பாலும் திரும்பும்.

பி.எஃப். தளத்தில் மாதாமாதம் ஏற்றும் பங்களிப்பு விவரக் கோப்பு, அதாவது இ.சி.ஆர்., ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. ஆளுக்கு ஒரு வரி, வரிக்குப் பதினொரு விவரம், இடையில் #~# என்ற குறி. நம் டர்னரின் வரியில் யு.ஏ.என்.னும் (பி.எஃப். உறுப்பினர் எண்) பெயரும் போக 16371, 15000, 15000, 15000, 1800, 1250, 550, 2, 0 என்று வரும். வரிசை: மொத்த ஊதியம், பி.எஃப். ஊதியம், ஓய்வூதிய ஊதியம், காப்பீட்டு ஊதியம், தொழிலாளர் பங்கு, ஓய்வூதியப் பங்கு, நிறுவனத்தின் மீதிப் பங்கு, சம்பளமில்லா நாட்கள், திருப்பிய பி.எஃப். முன்பணம். கடைசி எண் பட்டறை கொடுத்த முன்பணம் அல்ல; நீங்கள் பிடித்த 2,000-ஐ அங்கே போட்டுவிடாதீர்கள். சம்பளமில்லா நாட்களை எல்லோருக்கும் பூஜ்யம் என்று போடும் பழக்கமும் வேண்டாம், ஓய்வூதியச் சேவைக் கணக்கு அதைப் பார்த்துத்தான் ஓடுகிறது.

புதிதாகச் சேருகிறவருக்கு யு.ஏ.என். இல்லையென்றால், 2025 ஆகஸ்ட் முதல் அவரே தன் போனில் உமங் ஆப்பில் முகம் காட்டி எடுக்க வேண்டும். ஆதாரில் உள்ள எண் வேறு போனில் இருந்தால் அங்கேயே நிற்கும். சேரும் நாளன்றே உட்காரவைத்து முடித்துவிடுங்கள். 14-ந்தேதி மாலை ஒரே ஒருவரால் கோப்பு முழுவதும் நிற்பதைப் பார்க்க வேண்டியிருக்காது. ஊரில் பழைய கம்பெனியில் யு.ஏ.என். இருந்தும் இல்லை என்று சொல்வார்கள், இன்னொரு முறை கேளுங்கள்.

டாலியில் பதிவு போடும்போது நிகரச் சம்பளத்தைச் செலவாக எழுதாதீர்கள். டர்னருக்குச் சம்பளச் செலவு 16,371. அதற்கு எதிரே பி.எஃப். கொடுக்க வேண்டியது 1,800, இ.எஸ்.ஐ. கொடுக்க வேண்டியது 123, முன்பணத்தில் வரவு 2,000, சம்பளம் கொடுக்க வேண்டியது 12,448. நிறுவனப் பங்குகளுக்குத் தனிச் செலவுக் கணக்கு. இப்படிப் போட்டால் 15-ந்தேதி மாலை பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டு பாக்கிக் கணக்குகளும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எங்கேயோ பிடித்தது ஒன்று, கட்டியது ஒன்று. கடந்த ஏப்ரலிலிருந்து இந்த இரண்டு கணக்கையும் மாதம் மாதமாகத் திறந்து சலானோடு ஒப்பிடுங்கள். உங்களுக்கு முன் இருந்தவர் விட்டுப்போனது ஷீட் மட்டும்தானா என்று அப்போது தெரியும். டிசம்பர் தாமதத்தை ஆடிட்டரிடம் இப்போதே சொல்லி, அந்த 41,600-க்கான வரியை மார்ச் 15-க்குள் கட்டும் கடைசித் தவணை முன்கூட்டிய வரியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.